வேலையை விட்டேன், நீல அட்டையை விடவில்லை

2024 ஜூன் முதல் வாரம். மன்னார்குடியில் அம்மாவின் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் அடையாளக் கணக்கு) அனுப்ப வேண்டிய ஆறு இலக்க எண்ணுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். வரவில்லை. உள்ளே அம்மா, "தம்பி, காபி ஆறுகிறது" என்று மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தாள்.

எண் எப்படி வரும்? மார்ச் மாதமே அந்தச் சிங்கப்பூர் இணைப்பை நானே துண்டித்திருந்தேன். ஊரில் ஆறு மாதம் இருக்கப் போகிறோம், மாதம் 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எதற்கு வீணாக என்ற சிக்கனம். சிங்பாஸ் செயலி இருந்த பழைய கைப்பேசியோ பம்பு செட்டுத் தொட்டியில் விழுந்து ஒரு வாரம் அரிசி மூட்டைக்குள் கிடந்தும் உயிர் பெறவில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பி நுழைவதற்கான என்னுடைய மறுநுழைவு அனுமதி ஆகஸ்டு 19 அன்று முடிகிறது. நான் திரும்புவதற்கு எடுத்திருந்த டிக்கெட் செப்டம்பர் 12. இந்த இரண்டு தேதிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உள்ளே நுழைய வேறு வழிகளும் உண்டென்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பதற்றத்தில் எதுவும் தோன்றவில்லை. பயணத் தேதியை மாற்றி, கூடுதல் பணம் கட்டி, பத்தாம் நாள் திருச்சியிலிருந்து விமானம் ஏறினேன். மாதம் 20 வெள்ளி மிச்சம் பிடித்தவன் அதைப்போலப் பல மடங்கை ஒரே நாளில் கட்டினேன்.

ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு இரண்டு நாடுகளுக்கிடையே வாழலாம் என்று திட்டமிடும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிங்கப்பூர்க் கதைதான். ஆனால் வேறு நாட்டில் இருப்பவர்களும் தங்கள் நாட்டு விதியை இதன் அருகில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் 1999இல் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன். பற்றவைப்புத் தர ஆய்வு என் தொழில். 2004இல் எனக்கும் மனைவிக்கும் நிரந்தரவாசம் கிடைத்தது. குடிமக்களின் அடையாள அட்டை இளஞ்சிவப்பு, எங்களுடையது நீலம். அந்த நீல அட்டையைப் பார்த்துப் பார்த்தே பலரும் ஒரு தப்பான நிம்மதியில் இருக்கிறோம். அட்டையில் காலாவதித் தேதி கிடையாது. நிரந்தரவாசம் என்ற சொல்லிலேயே நிரந்தரம் இருக்கிறது. ஆனால் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் உரிமை தனிச் சீட்டு. அதற்குப் பெயர்தான் மறுநுழைவு அனுமதி. பேச்சில் எல்லோரும் ஆர்.இ.பி. என்பார்கள். வழக்கமாக ஐந்தாண்டுக்குத் தருவார்கள். அது காலாவதியானாலும் நீங்கள் சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கும் வரை நிரந்தரவாசிதான். அது இல்லாமல் விமானம் ஏறினாலோ, வெளிநாட்டில் இருக்கும்போது அது முடிந்துபோனாலோ நிரந்தரவாசமே கையை விட்டுப் போய்விடும் என்பதே அப்போதைய நிலை; 2025 டிசம்பரில் வந்த மாற்றத்தைப் பின்னால் சொல்கிறேன். வீட்டுக்குள் இருப்பவனுக்குச் சாவி வேண்டாம், வெளியே போகிறவனுக்குத்தான் வேண்டும். மேனேஜர் கையெழுத்திட்ட சம்பளச் சீட்டு இருந்த காலத்தில் அந்தச் சாவி தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 2009, 2014, 2019 என்று மூன்று முறையும் விண்ணப்பம் போட்டதுகூட நினைவில்லாத அளவுக்கு எளிதாக முடிந்தது. மாதாமாதம் முதலாளி கட்டும் மத்திய சேமநிதிச் சந்தாவும் வருமான வரிக் கணக்கும் எனக்காகப் பேசிவிட்டன. நான் வாயே திறக்கவில்லை.

2022 மார்ச்சில் வேலையை விட்டேன். அதற்கு முன் நான்கு வருடம் உட்கார்ந்து கணக்குப் போட்டவன் நான். ஆண்டுச் செலவைப்போல 25 மடங்கு சேமிப்பு என்ற பிரபலமான வாய்ப்பாட்டை எனக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டி, கணினியில் 41 வரிகளுக்கு ஒரு தாள் வைத்திருந்தேன். சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் உள்ள நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடன் தீர்ந்துவிட்டது. மகன் படிப்புக்குத் தனி ஒதுக்கீடு. அம்மாவின் மருத்துவச் செலவு. விலைவாசி உயர்வு. பல் மருத்துவத்துக்குக்கூட ஒரு வரி உண்டு. மறுநுழைவு அனுமதிக்கு மட்டும் வரி இல்லை. அது பணம் சம்பந்தப்பட்டதல்ல என்று நினைத்தேனோ என்னவோ. உண்மையில் அந்த 41 வரிகளில் பாதி அந்த ஒன்றின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. வீடு, சேமநிதி, மருத்துவக் காப்புறுதி, மகனின் எதிர்காலம் எல்லாமே நிரந்தரவாசத்தின் கிளைகள்.

வேலையை விட்ட மறுமாதமே ஊருக்குப் போனேன். அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனியாக. வருடத்தில் இரண்டு மாதம் என்று ஆரம்பித்தது நான்காகி, 2023இல் ஏழு மாதமானது. அந்த வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. யாராக இருந்தாலும் போயிருப்பார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் அதன் விலை இருந்தது. இந்திய வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. அதில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிடுவோம். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு 120 நாளிலேயே கணக்குச் சிக்கலாகத் தொடங்கும். சிங்கப்பூருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை வேறு கணக்கு, அங்கே 183 நாள் இருந்தால் அந்நாட்டு வரிக்கு அங்கே வசிப்பவர். இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாது. 2023 ஜூலையில் போய் 2024 பிப்ரவரியில் திரும்பினால் சிங்கப்பூர் இரண்டு வருடங்களிலும் தப்பிக்கலாம், இந்தியாவில் ஒரே வருடத்தில் மாட்டிக்கொள்ளலாம். இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கிளம்பிய நாள், இறங்கிய நாள் இரண்டையும் எழுதி, இரண்டு பத்திகளாகக் கூட்டி வைக்கிறேன். இந்த வேலைக்குக் கணினியைவிட நோட்டே மேல். பம்பு செட்டுத் தொட்டியில் விழுந்தாலும் காயவைத்துப் படிக்கலாம்.

வேலை இல்லாதவன் பார்த்து அதிர்ந்துபோகும் இன்னொரு காகிதம் வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு. நான் வாழ்வது பங்குகளின் ஈவுத்தொகையிலும் வங்கி வட்டியிலும். சிங்கப்பூர் நிறுவனங்களின் ஈவுத்தொகைக்குப் பங்குதாரர் வரி கட்ட வேண்டியதில்லை. உள்ளூர் வங்கியில் தனியாள் வைத்திருக்கும் வைப்புத்தொகையின் வட்டிக்கும் வரி இல்லை. வரி இல்லாததால் மகிழ்ச்சிதான். அதன் விளைவு என்ன தெரியுமா? கையில் மாதாமாதம் பணம் வருகிறது, வீட்டில் அடுப்பு எரிகிறது, ஆனால் அரசாங்கத்தின் தாளில் வருமானம் என்ற இடத்தில் சுழியம். 23 வருடம் தொடர்ந்து வரி கட்டியவன் அந்தச் சுழியத்தை முதல் முறை பார்த்தபோது அப்பாடா என்றேன். மறுநுழைவு விண்ணப்பத்தோடு அதைச் சேர்க்கும்போது வயிற்றைக் கலக்கியது. முன்கூட்டி ஓய்வு பெறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வரி கட்டாமல் வாழும்படி பணத்தை அமைப்பது கெட்டிக்காரத்தனம்; ஆனால் காகிதத்தில் நீங்கள் காணாமல் போய்விடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் வந்து சேர்ந்து, புது இணைப்பு வாங்கி, சிங்பாஸைச் சரிசெய்துகொண்டேன். அனுமதி முடிவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வேலை செய்யும் இடம் என்ற பகுதிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. விளக்கக் கடிதம் ஒன்று எழுதிச் சேர்ப்போம் என்று முடிவு செய்து, இரவு பகலாக உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். நல்ல கடிதம். 1999 நவம்பரில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதில் ஆரம்பித்து, எந்தெந்தக் கப்பல்களில் வேலை செய்தேன், எத்தனை இளைஞர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தேன், கொரோனா காலத்தில் தங்கும் விடுதித் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது வரை எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்கியது.

பட்டறையில் எனக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. புதுக்கோட்டைக்காரர், எழுபதை நெருங்குகிறார், பல வருடங்களாகக் குடிமகன். அவரிடம் காட்டலாம் என்று தேக்கா சந்தைக்கு வரச் சொன்னேன். தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா எடுத்தார். ஆய்வாளராக இருந்த காலத்துப் பழக்கம், பற்றவைப்பில் பழுது கண்ட இடத்தில் வட்டம் போடும் பேனா. முதல் பக்கத்தைப் படித்தார். மூலைக்கு மூலை ஒரு கோடு. இரண்டாம் பக்கம், ஒரு கோடு. மூன்றாம் பக்கத்தில் பாதி.

"அண்ணே, அதெல்லாம் உண்மை" என்றேன்.

"உண்மைதான் தம்பி. ஆனால் இதெல்லாம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது. நீ எப்போது வந்தாய், எங்கே வேலை செய்தாய், எவ்வளவு கட்டினாய் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் இல்லாதது எது? அதை எழுது."

பதில் வரவில்லை எனக்கு. தே தாரிக்கின் நுரை அடங்கும் வரை யோசித்தேன். அவர்களிடம் இல்லாதது, வேலையை விட்ட பிறகு நான் எதை வைத்துச் சாப்பிடுகிறேன் என்பது. ஏன் 2023இல் ஏழு மாதம் வெளியே இருந்தேன் என்பது. அடுத்த ஐந்து வருடத்தில் நான் எங்கே இருக்கப் போகிறேன் என்பது. மூன்று கேள்வி. நான்காவது பக்கத்தின் பின்புறத்தில் அவரே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக் கொடுத்தார். சிங்கப்பூரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று எழுதியிருந்த பத்தியை மட்டும் அடிக்காமல் விட்டார். "அது இருக்கட்டும். வீட்டில் வைத்துக்கொள்" என்றார்.

புதுக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. 50 வயதில் விருப்பத்தின் பேரில் வேலையை விட்டேன். என்னிடம் இவ்வளவு வைப்புத்தொகையும் பங்குகளும் உண்டு, அதன் ஆண்டு வருவாய் இவ்வளவு. என் தாயாரின் அறுவை சிகிச்சைக்காக இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இந்தியாவில் இருந்தேன். என் மகன் 2024 பிப்ரவரியில் கட்டாயத் தேசிய சேவைக்குச் சேர்ந்திருக்கிறான். ஈசூன் வீட்டில்தான் குடியிருக்கிறோம். இனி பகுதிநேரமாகத் தொழிற்பயிற்சி அளிக்க உத்தேசித்திருக்கிறேன். அவ்வளவுதான். கூடவே வங்கிக் கணக்கு விவரம், சேமநிதிக் கணக்கறிக்கை, அம்மாவின் மருத்துவமனைச் சுருக்கம், மகனின் சேவைக் கடிதம், மின்சாரக் கட்டணச் சீட்டுகள். மின்சாரக் கட்டணத்தை எதற்கு வைத்தேன் என்றால், 2023இல் சில மாதங்களில் அது நான்கைந்து வெள்ளிதான். அதையும் ஒளிக்காமல் வைத்தேன். ஏழு மாதம் வெளியே இருந்தேன் என்று கடிதத்தில் எழுதிவிட்டு, ஆள் இல்லாத வீட்டின் கட்டணத்தை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊரில் பாதி வருடம் இருக்கும்போது வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டுவிடலாம் என்று கனவு காண்பவர்கள் நிறையப் பேர். நிரந்தரவாசிகளுக்கு வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட அனுமதி கிடையாது. அறையை விடலாம், நாமும் அங்கே குடியிருக்க வேண்டும். என் 41 வரித் தாளில் முழு வீட்டு வாடகை என்று ஒரு அழகான எண் இருந்தது. அதை அடித்தபோது கை நடுங்கவில்லை என்று சொன்னால் பொய்.

நான்கு வாரம் கழித்துக் கூடுதல் ஆவணம் கேட்டு ஒரு செய்தி வந்தது. அதற்கு இரண்டு நாளில் பதில் போட்டேன். ஆகஸ்டு முதல் வாரத்தில் முடிவு வந்தது. எனக்கு ஓராண்டு. மனைவிக்கும் ஓராண்டு. கட்டணம் ஆண்டுக்கு 10 வெள்ளி.

இருபது வருடமாக ஐந்தைந்தாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று என்ற எண் சுருக்கென்றது. மனைவிதான் முதலில் சொன்னாள்: "என்னங்க, மறுக்கவில்லையே. ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த வருடம் என்ன செய்தாய் என்று வந்து சொல் என்கிறார்கள்." அவள் இங்கே ஒரு நாளும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. அவளுடைய நீல அட்டை என் வேலை என்ற கொம்பில் படர்ந்த கொடி. நான் வேலையை விடும்போது என் ஓய்வை மட்டும்தான் யோசித்தேன், அவள் அட்டை என்ன ஆகும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கணவனும் மனைவியும் வேலை பார்க்கும் வீடுகளில் இருவரும் ஒரே நேரத்தில் விடாமல், ஒருவர் இரண்டு மூன்று வருடம் தாமதித்து விட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

அந்த ஓராண்டுக் காகிதத்தோடு நான் டேக்ஸி பிடிக்காமல் பஸ்ஸில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த வாரத்தில் ஆலோசனைகள் குவிந்தன. ஒன்று, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பு என்பது. நிரந்தரவாசத்தைத் துறந்து நிரந்தரமாக வெளியேறினால் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். உண்மைதான். பெரிய தொகை, கண்ணைப் பறிக்கும். ஆனால் சாதாரணக் கணக்கில் குறைந்தது 2.5 விழுக்காடும் சிறப்புக் கணக்கில் 4 விழுக்காடும் வட்டி தரும் பணத்தை எடுத்துப்போய் மன்னார்குடியில் மனையாக்கி, பிறகு பக்கத்து மனைக்காரனோடு வரப்புச் சண்டை போடும் ஆசை எனக்கு இல்லை. அதைவிட முக்கியம் மருத்துவம். மெடிஷீல்டு லைஃப் என்ற மருத்துவக் காப்புறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆயுள் முழுதும் உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோயோடும் சேர்த்து. 52 வயதில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவன் ஊரில் புதிதாகக் காப்பீடு கேட்டு நின்றால் என்ன பதில் வரும் என்று விசாரித்துப் பார்த்தேன். பார்த்த பிறகு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது ஆலோசனையைச் சொன்னவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு கம்பெனி பதிவு செய்து, உன்னையே ஊழியனாகக் காட்டி, உன் பணத்தையே உனக்குச் சம்பளமாகக் கொடுத்து, சேமநிதி கட்டு. அடுத்த முறை ஐந்து வருடம் வரும் என்றார். வேலையே இல்லாத வேலைக்குச் சம்பளம் காட்டிக் குடிநுழைவு விண்ணப்பத்தில் எழுதுவது பொய்த் தகவல், குற்றம். பிடிபட்டால் ஓராண்டும் போகும், 25 வருட நல்ல பெயரும் போகும், மகன் இங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது. காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆனால் அவர் யோசனையில் ஒரு துளி உண்மை இருந்தது. வேலை பொய்யாக இருக்கக்கூடாதே தவிர, சிறியதாக இருக்கலாம். நிரந்தரவாசிக்கு இங்கே வேலை செய்யத் தனி அனுமதி அட்டை எதுவும் தேவையில்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்கு இல்லாத இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் சும்மா இருந்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் தனியொருவர் உரிமை வணிகம் ஒன்றை என் பெயரில் பதிந்தேன். பெயர் விண்ணப்பத்துக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. துவாஸ் பக்கம் இரண்டு சிறிய பட்டறைகளில் இளம் ஆய்வாளர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. பற்றவைத்த தகட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் மயிரிழைபோல ஒரு பள்ளம் ஓடுகிறதே அது தெரிகிறதா என்று கேட்பேன். முதல் மாதம் யாருக்கும் தெரியாது. மூன்றாவது மாதம் எனக்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். 2024இல் மொத்தம் 4,800 வெள்ளிதான் வந்தது. 2025இல் அதைப்போல மூன்று மடங்கு. நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில் செய்பவர் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கட்ட வேண்டும். கட்டுவேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சின்னப் பெருமைகூட இருக்கிறது. வீட்டில் ஓர் அறையை ஓர் இளம் பொறியாளருக்கு 900 வெள்ளிக்கு விட்டிருக்கிறோம். வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. அந்த வரியை நான் முனகாமல் கட்டுகிறேன். என் பெயருக்கு நேரே சுழியம் மறைந்துவிட்டது.

ஓய்வு என்று சொல்லிவிட்டு மறுபடி வேலையா என்று சிலர் கேட்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை. அதை வேலை என்றால் என் பழைய மேலாளர் சிரிப்பார்.

2025 ஆகஸ்டில் இரண்டாவது முறை புதுப்பித்தபோது கடிதம் அரைப் பக்கம்தான். பட்டறைகளின் கடிதமும் கட்டணச் சீட்டுகளும் சேர்த்தேன். மறுபடி ஓராண்டே வந்தது. இம்முறை சுருக்கென்று குத்தவில்லை. 10 வெள்ளிக்குத் தேக்காவில் ஒரு பிரியாணியும் ஒரு தே தாரிக்கும் கிடைக்கும். அந்தச் செலவில் ஒரு வருடம் போய்வரும் உரிமை கிடைக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். "பிரியாணிக்குக் கடிதம் எழுத வேண்டாமே" என்றாள்.

ஓராண்டு அனுமதியில் வாழ்வதற்கென்று சில பழக்கங்கள் வந்துவிட்டன. சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணை இனி எக்காரணம் கொண்டும் துண்டிப்பதில்லை. மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டோம். இந்தியக் கடவுச்சீட்டு 2024 இறுதியில் முடிந்து புதியது வாங்கினேன். புதுக் கடவுச்சீட்டு எண்ணைக் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் உடனே பதிந்துவிட வேண்டும். விமான நிலையத்தில் போய் நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல அது. வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்டில் அனுமதி முடிகிறவன் மே நடுப்பகுதி முதல் ஆகஸ்டு வரை பயணம் வைத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வப் படையல் எதுவானாலும் அந்த மூன்று மாதத்தில் எங்களைத் தேடாதீர்கள் என்று உறவினர்களிடம் சொல்லியாயிற்று.

2025 டிசம்பர் 1 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட நிரந்தரவாசிகளுக்கு அதற்கு விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டாலோ, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ நிரந்தரவாசம் போய்விடும். மன்னார்குடித் திண்ணையில் நான் வியர்த்த அன்று இந்த அவகாசம் இல்லை. இருந்திருந்தால் நிச்சயமாக நூற்று எழுபத்தொன்பதாம் நாள் வரை சோம்பியிருப்பேன். என்னைப் போன்றவர்கள் 180 நாளை விடுமுறையாக நினைத்துவிடக்கூடாது. நிராகரிக்கப்பட்டால் வெளிநாட்டில் இருந்தபடி வீட்டையும் சேமநிதியையும் மகனின் படிப்பையும் ஒழுங்குசெய்ய வேண்டியிருக்கும்.

குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது நியாயமான கேள்வி. புதுக்கோட்டை அண்ணன் பல வருடமாக இதைத்தான் சொல்கிறார். சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமை தராது, இந்தியாவும் தராது. வேலையில் இருந்த காலத்தில் விண்ணப்பித்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டேன். அப்பா இருந்தவரை அவர் வருத்தப்படுவார் என்று ஒரு காரணம், அவர் போன பிறகு அம்மா. இன்றைக்கு யோசித்தால் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள், நான்தான் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலையை விட நினைப்பவர்கள் இந்த முடிவை, எந்தப் பக்கமாக இருந்தாலும், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அதேபோல் அடுத்த புதுப்பித்தல் எப்போது வருகிறது என்று பார்த்து, முடிந்தால் ஐந்தாண்டு அனுமதியைப் புதுப்பித்துக் கையில் வாங்கிய பிறகு பணிவிலகல் கடிதம் கொடுங்கள். நான் 2019இல் புதுப்பித்து 2022இல் விட்டேன். எனக்கு மிஞ்சியது இரண்டரை வருடம். அந்த இரண்டரை வருடத்தையும் எதையும் யோசிக்காமல் கழித்தேன்.

மகன் 2026 பிப்ரவரியில் தேசிய சேவையை முடித்துவிட்டு வீடு வந்தான். தோள் அகன்றிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது. பல்கலைக்கழகம் திறக்கும் வரை வீட்டில்தான். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னான். அனுமதி கேட்கவில்லை, தெரிவித்தான். நான் இருபது வருடம் தள்ளிப்போட்டதை அவன் ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில் முடித்துவிட்டான்.

ஏப்ரல் 20 அன்று அம்மாவுக்கு எண்பது நிறைகிறது. மூன்று பேரும் போகிறோம். திரும்பும் டிக்கெட்டை இந்த முறை மகன் எடுத்தான், மே 4. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்காட்டியில் மே 19ஐச் சுற்றி வட்டம் போட்டு, "அப்பா கடிதம்" என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் அவன் அம்மா சின்னதாக, "அரைப் பக்கம் போதும்" என்று சேர்த்திருக்கிறாள்.